37 மில்லிலிட்டர்

2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டது. வியட்நாம் நிறுவனத்தின் இந்த ஆலை, தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் செய்யும் திறன் கொண்டது. அங்கே தயாராகும் விஎஃப் 6, விஎஃப் 7 இரண்டுமே மின்சார எஸ்யூவிகள். பிஸ்டன் கிடையாது, எஞ்சின் ஆயில் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. முத்துக்கும் உப்புக்கும் பேர்போன ஊர், எஞ்சினே இல்லாத கார் செய்யும் ஊராகவும் ஆகிவிட்டது.

ஆனால் ஆலை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல், டீசல் வண்டிகளே. இன்று வாங்கிய பெட்ரோல் எஸ்யூவி ஒன்று இன்னும் 15 ஆண்டுகள் ஓடும். முதல் உரிமையாளர் விற்பார், இரண்டாமவர் வாங்குவார், மூன்றாமவர் கைக்கு வரும்போது வண்டிக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். அதனால் அந்த வண்டிகளின் முன்பக்க மூடிக்குள் இருக்கும் சிறிய எஞ்சினைப் புரிந்துகொள்வது இன்றைக்கும் தேவையாகவே இருக்கிறது. உப்புக் காற்றில் வண்டியை நிறுத்தி வைப்பவருக்குக் கூடுதலாகவே தேவை.

எல்லா எஞ்சின்களையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை ஊன்றிப் பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின். வண்டி சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில் செய்யப்பட்டது. 2013 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்களும் அதே மறைமலை நகரிலிருந்து கப்பல் ஏறியவைதான். எஞ்சினோ 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகின் சிறந்த எஞ்சின் விருதைப் பெற்றது. பின்னாளில் அதே எஞ்சின் அதிகாரபூர்வமாகத் திரும்ப அழைக்கப்படவும் நேர்ந்தது. விருது எதற்குக் கிடைத்ததோ, கோளாறும் அங்கிருந்தேதான் முளைத்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு கேள்வி. ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு ஏன் ஒரு லிட்டர் எஞ்சின்? பொறியியல் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கு மிகக் கூடாது. ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர் என்று விவரப் பட்டியலில் பார்த்தால், அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போனது என்று புரியும். 999 சிசி எஞ்சின் அந்த வரம்புக்குள் அடங்கியது. அதே வண்டியில் கிடைத்த 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அடங்கவில்லை. ஜிஎஸ்டி வந்த பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிவந்த ஹூண்டாய் வென்யூவிலும், ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டிலும் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் உட்கார்ந்திருப்பதற்கு இந்த வரிக்கோடு ஒரு பெரிய காரணம்.

*

விவரப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதிலேயே எஞ்சினின் குணமும் நோயும் தெரிந்துவிடும். ஈகோஸ்போர்ட்டின் இரண்டு பெட்ரோல் எஞ்சின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2013இல் வந்த 1.5 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாதது. காற்றைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். 112 குதிரைத்திறன், 4,400 சுழற்சியில் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 1.0 லிட்டர் எஞ்சின் 125 குதிரைத்திறன் கொடுத்தது. முறுக்குவிசை 170 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,400 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். 4,500 வரை அப்படியே நிற்கும். மைலேஜ் சோதனையில் பெரிய எஞ்சினுக்கு லிட்டருக்கு 16 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறியதற்கு 19 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு உடம்பைக் குறைத்துவிட்டு அதிக வலிமையும் அதிக மைலேஜும் தருகிறது. விருது கொடுத்ததில் வியப்பில்லை.

இப்போது இந்த எண்களைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். முறுக்குவிசையைக் கொள்ளளவால் வகுத்து, நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குரிய மாறிலியால் பெருக்கினால், பிஸ்டனைக் கீழே தள்ளும் சராசரி அழுத்தம் கிடைக்கும். பெரிய எஞ்சினில் அது சுமார் 12 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு. சிறிய எஞ்சினில் 21 பாருக்கு மேல். பிஸ்டனின் விட்டம் 71.9 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் தலையில் முழு விசையில் சராசரியாக 880 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் விழுகிறது. எரியும் கணத்தில் வரும் உச்ச அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. 3,000 சுழற்சியில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது.

காற்றை அழுத்துவது என்றால் என்னவென்று இந்தக் கரையோரத்தில் உடம்பால் அறிந்தவர்கள் முத்துக்குளித்தவர்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு காற்றழுத்தம் கூடும். 20 மீட்டர் ஆழத்தில் உள்ள முத்துப் படுகைக்கு மூச்சடக்கி இறங்கியவரின் நுரையீரல் காற்று, மேலே இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஈகோபூஸ்ட் எஞ்சினின் அமுக்க விகிதம் 10க்கு 1. பிஸ்டன் மேலே வரும்போது காற்று பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நுரையீரல் அந்த அளவு சுருங்க வேண்டுமானால் 90 மீட்டர் ஆழம் போக வேண்டும். ஆனால் முத்துக்குளிப்பவரின் இரத்தமும் சதையும் சுருங்குவதில்லை. அவை பெரும்பாலும் நீர். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சிறிய எஞ்சின் இவ்வளவு அழுத்தத்தை எங்கிருந்து பெறுகிறது? வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, காற்றை முன்கூட்டியே அமுக்கி உள்ளே திணிக்கிறது. அதன் தண்டு நிமிடத்துக்கு 2,48,000 முறை வரை சுழலக்கூடியது. நொடிக்கு நாலாயிரம் முறைக்கும் மேல். அந்தத் தண்டைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் மட்டுமே. உலோகத்தோடு உலோகம் தொட்டால் சில நொடிகளில் கதை முடிந்துவிடும். பெட்ரோலும் வால்வுக்கு வெளியே தெளிக்கப்படாமல், 150 பார் வரையிலான அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை அது இழுத்துக்கொள்வதால், டர்போ இருந்தும் அமுக்க விகிதத்தை 10 வரை வைக்க முடிந்தது. புகைக் குழாய்கள் தனியாக இல்லாமல் சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. கூலன்ட் அவற்றைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கிறது.

இவை எல்லாமே சாமர்த்தியமான தீர்வுகள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தீர்வின் சுமையும் எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள். டர்போவின் சூடு எண்ணெயில் இறங்குகிறது. ஏறத்தாழ இரட்டிப்பான அழுத்தத்தை கிராங்க் பேரிங்கில் தாங்குவது எண்ணெய். சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோல் வழிந்து சேர்வது எண்ணெயில். ஒன்றரை லிட்டர் எஞ்சினின் எண்ணெய் செய்த வேலையைவிடக் கடினமான வேலையை ஒரு லிட்டர் எஞ்சினின் எண்ணெய் செய்கிறது. பட்டியலில் எண்ணெய்க்கு மட்டும் குதிரைத்திறன் போடுவதில்லை.

*

அந்த எண்ணெய்க்குள்ளே ஃபோர்டு ஒரு ரப்பர் பெல்ட்டையும் ஓட விட்டது. இந்த எஞ்சினின் வரலாற்றிலேயே முக்கியமான முடிவு அதுதான்.

கிராங்க் தண்டு சுழலும்போது அதனோடு இசைந்து வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டும் சுழல வேண்டும். இரண்டையும் இணைக்கப் பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று இரும்புச் செயின். எண்ணெயில் நனைந்து ஓடும், நீண்ட நாள் வரும், கொஞ்சம் சத்தமும் உராய்வும் இருக்கும். மற்றொன்று ரப்பர் பெல்ட். எண்ணெய் படாமல் வெளியே ஓடும், சத்தமில்லை, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். ஈகோபூஸ்ட்டில் மூன்றாவது வழி ஒன்றைக் கையாண்டார்கள். எண்ணெயைத் தாங்கும் விசேஷ ரப்பரில் பெல்ட்டைச் செய்து, எஞ்சினுக்கு உள்ளேயே, எண்ணெயிலேயே ஓட விட்டார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும், எஞ்சினின் நீளமும் குறையும். 2,40,000 கிலோமீட்டர் அல்லது 10 ஆண்டு வரை மாற்ற வேண்டியதில்லை என்று ஐரோப்பாவில் கால அளவு வைத்தார்கள். வால்வுகளை இயக்கும் டைமிங்குக்கு ஒரு பெல்ட். எண்ணெய் பம்பைச் சுழற்றக் கீழே இன்னொரு சிறிய பெல்ட்.

சோதனைச்சாலையின் எண்ணெயில் ரப்பர் தாங்கியது. சாலையில் ஓடும் வண்டியின் எண்ணெய் வேறு. அதில் எரியாத பெட்ரோல் கலந்திருக்கும், நீராவி படிந்திருக்கும், அமிலம் ஊறியிருக்கும். உரிமையாளர் சர்வீஸைத் தள்ளிப் போட்டிருப்பார். விலை குறைவு என்று வேறு தர எண்ணெயை ஊற்றியிருப்பார். ஃபோர்டு இதற்கென்று வகுத்த 5டபிள்யூ-20 தர எண்ணெய்க்குப் பதில் கையில் கிடைத்தது போயிருக்கும். அந்த எண்ணெயில் பெல்ட்டின் ரப்பர் உப்பும், மிருதுவாகும், பிறகு விளிம்பில் உதிரத் தொடங்கும்.

பெல்ட் அறுந்தால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அறுவதற்கு வெகு முன்பே எஞ்சின் செத்துவிடக்கூடும். உதிர்ந்த ரப்பர் எங்கும் போய்விடுவதில்லை. எண்ணெயோடு கீழே, அது தேங்கும் தொட்டியான சம்ப்புக்குப் போகிறது. சம்ப்பின் அடியில் எண்ணெய் பம்ப் உறிஞ்சும் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது, பட்டறையில் ஸ்ட்ரெய்னர் என்பார்கள். தூத்துக்குடியில் பாளையங்கோட்டை சாலையோரப் பட்டறை ஒன்றில், எண்ணெயில் ஓடும் பெல்ட் கொண்ட வண்டி ஒன்றின் சம்ப்பைக் கழற்றியபோது அந்தச் சல்லடையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எந்த நிறுவனத்து வண்டி என்பது இங்கே தேவையில்லை. உள்ளங்கையில் பாதி அகலம்தான் இருக்கும். கம்பி வலையின் முக்கால்வாசிக் கண்கள் கறுப்புத் துணுக்குகளால் அடைபட்டிருந்தன. ஒன்றை எடுத்து விரலில் தேய்த்தால் கரியைப் போல் பொடியாகவில்லை; நசுங்கி நீண்டது. இடையிடையே மெல்லிய நூலிழைகள். பெல்ட்டின் முதுகு நூல் அது.

"அண்ணாச்சி, பெல்ட் இன்னும் அறுந்துபோகல. ஆனா பம்ப் எண்ணெய இழுக்க முடியாம திணறுது பாருங்க" என்றார் மெக்கானிக்.

"ஆயில் லைட் எரியவே இல்லையேப்பா?"

"லைட் எரியிறப்போ பேரிங் தேஞ்சிருக்கும் அண்ணாச்சி. அதுக்கு முன்னாடியே வந்தீங்களே, அதுவே பெருசு."

அவர் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு, அழுத்தம் மிகக் குறைந்த ஓர் அளவுக்குக் கீழே போனால்தான் எரியும். நெடுஞ்சாலையில் அதிகச் சுழற்சியில் டர்போவுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் தேவைப்படும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் விளக்கு அணைந்தே இருக்கும்; படலம் கிழிந்து உலோகம் தேய்ந்துகொண்டே இருக்கும்.

2018ஐ ஒட்டி ஃபோர்டு தன் ஒரு லிட்டர் எஞ்சினின் டைமிங் பெல்ட்டைக் கைவிட்டுச் செயினுக்கு மாறத் தொடங்கியது. எண்ணெய் பம்பை ஓட்டும் சிறிய பெல்ட்டை மட்டும் விட்டுவைத்தது. அந்தச் சிறிய பெல்ட்தான் மறைமலை நகர் வண்டிகளைத் திரும்ப அழைக்க வைத்தது. 2023 டிசம்பரில், அமெரிக்காவில் 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்களையும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோக்கஸ் கார்களையும் சேர்த்து 1,39,730 வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. எண்ணெய் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை முறியலாம், பெல்ட்டின் பற்கள் உதிரலாம், எண்ணெய் அழுத்தம் போய் எஞ்சின் ஓடும்போதே நிற்கலாம் என்பது காரணம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் போய்விடும். மிதி கல்லாக இறுகும். அதனால்தான் இது வெறும் எஞ்சின் செலவாகப் பார்க்கப்படாமல் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாயிற்று.

ஃபோர்டு மட்டும் இந்தப் பாதையில் போகவில்லை. பியூஜோவும் சிட்ரோயனும் தங்கள் 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சினில் இதே முறையைக் கையாண்டன. ஐரோப்பாவில் அதே உதிர்வு, அதே அடைப்பு. தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2024இல் அங்கே அந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டராக நீட்டித்தது. வென்யூவின் ஒரு லிட்டர் டர்போவில் இந்தத் தொல்லை கிடையாது; அதில் செயின். ஆனால் இந்தியாவில் 2017 இறுதியில் வந்த புதிய ஈகோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட் எண்ணெயில்தான் ஓடுகிறது. டர்போ இல்லாததால் அதன் எண்ணெய் படும் பாடு குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்துவிட்டது. வண்டிகள் நம்மிடம் தங்கிவிட்டன. அவற்றை வைத்திருப்பவர்கள் 10 ஆண்டுக் கணக்கை நம்பி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறையாவது, சரியான தரத்தில், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும். வண்டிக்கு ஆறேழு வயதானால் ஒருமுறை சம்ப்பை இறக்கிச் சல்லடையைப் பார்த்துவிட வேண்டும். எஞ்சினையே மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒன்றுமில்லை.

*

தூத்துக்குடி போன்ற ஊரில் வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்பதும் எண்ணெயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஊருக்குள் தூரங்கள் குறைவு. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கடை, மாலையில் பீச் ரோடு. எல்லாம் மூன்று நான்கு கிலோமீட்டர். டேஷ்போர்டு முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. எண்ணெய் முழுச் சூட்டுக்கு வர அதைவிட நேரம் பிடிக்கும். எண்ணெய் நன்றாகச் சுட்டால்தான் அதில் கலந்த பெட்ரோலும் நீரும் ஆவியாகிப் பிரியும். சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடும் வண்டியில் அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. குளிர்நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே நிலைமை எவ்வளவோ மேல். நமக்கு உறைபனிக் காலைகள் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறையாவது திருநெல்வேலி வரை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வருவது எஞ்சினுக்கு உண்மையாகவே நல்லது.

பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். அதன் ஆற்றல், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆக்டேன் கூடுவதால் டர்போ எஞ்சினுக்கு அதில் ஒரு நன்மையும் உண்டு. ஆனால் எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட மிக அதிக வெப்பம் வேண்டும்; ஆறிக் கிடக்கும் சிலிண்டரில் அது எளிதில் ஆவியாகாமல் சுவரில் தங்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் சர்வீஸின்போது கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் இன்னொரு தொல்லை. பழைய முறையில் பெட்ரோல் உள்வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே போகும். இங்கே கழுவ ஆளில்லை; எஞ்சினுக்குள்ளிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி வால்வில் படிந்து கரியாகிறது. காலை ஸ்டார்ட்டில் நடுக்கம், இழுவைக் குறைவு. வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். மேக்னைட்டின் டர்போ எஞ்சினில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஓட்டுபவரின் கால் செய்யும் கேடும் ஒன்று உண்டு. துறைமுகத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் போகும். முந்துவதற்கு, ஐந்தாம் கியரிலேயே, 1,500 சுழற்சியில், ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிப்பவர்கள் உண்டு. 1,400 சுழற்சியிலேயே முழு முறுக்குவிசை கிடைக்கும் என்று விவரப் பட்டியலே சொல்கிறதே! ஆனால் அந்த நிலையில்தான் எண்ணெய்த் துளி ஒன்று ஸ்பார்க்குக்கு முன்பே தானாகத் தீப்பற்றி, மேலேறி வரும் பிஸ்டனைக் கீழே அறையும். ஒரே அடியில் பிஸ்டன் உடையலாம். இதைத் தடுக்கவே எண்ணெயின் வேதியியலை மாற்றி ஏபிஐ எஸ்என் பிளஸ், எஸ்பி என்ற தரங்களைக் கொண்டுவந்தார்கள். டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முந்தும் முன் ஒரு கியர் குறையுங்கள்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கரையில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. கூலன்ட் குறைந்திருக்கிறது என்று அதை எடுத்து ஊற்றினால் உப்பு நேராக எஞ்சினுக்குள் போகிறது. ஈகோபூஸ்ட்டின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் மெல்லிய ஆக்சைடு தோல். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலை ஊசிக்குத்தாகத் துளைத்து உள்ளே அரிக்கும். இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். இந்த எஞ்சினில் கூலன்ட்டின் அளவும் குறைவு, கையிருப்பு குறைவு. ஐரோப்பாவில் வந்த தொடக்கக்கால வண்டிகளில் நைலான் கூலன்ட் குழாய் ஒன்று விரிசல் விட்டு, கூலன்ட் வடிந்து, எஞ்சின் கொதித்துத் தலை வளைந்த சம்பவங்கள் நிறைய. எஞ்சின் ஆறியிருக்கும்போது டப்பாவில் அளவைப் பார்ப்பதும், கலந்தே வரும் கூலன்ட்டை மட்டும் ஊற்றுவதும் போதும்.

உப்பு வெளியிலிருந்தும் வருகிறது. முத்தையாபுரம், தருவைகுளம் பக்கம் உப்பளங்களைத் தொட்டு வரும் காற்று வண்டியின் முகத்தில்தான் முதலில் மோதுகிறது. ஏசி கன்டென்சரின் மெல்லிய தகடுகள் பொடிந்து உதிரும். எர்த் ஒயர் முனையில் பச்சை பூக்கும். சென்சார் கனெக்டரில் அந்தப் பச்சை புகுந்தால் மின்தடை கூடி, கம்ப்யூட்டருக்குத் தவறான செய்தி போகும்; எஞ்சின் காரணமே தெரியாமல் திணறும். எஞ்சினைப் பிரிக்கும் முன் கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கச் சொல்வது இந்த ஊரில் பணத்தை மிச்சப்படுத்தும்.

*

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஓராண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்ற இடத்திலேயே நின்றது. தெருவில் நின்ற கார்கள் இருக்கை மட்டத்துக்கு மூழ்கின.

காற்று சுருங்கும், நீர் சுருங்காது என்று மேலே சொன்னது இங்கே வருகிறது. ஈகோபூஸ்ட்டின் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 333 சிசி. அமுக்க விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு மேலே மிஞ்சும் இடம் அதில் ஒன்பதில் ஒரு பங்கு: 37 மில்லிலிட்டர். அதைவிட அதிகமாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே வர இடமே இல்லை. கிராங்க் தண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது, தண்ணீர் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டையும் இணைத்து இடையில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராட் வளைகிறது. எஞ்சின் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் முறிந்து பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அமுக்க விகிதம் கூடக் கூட இந்த இடம் குறையும். சிலிண்டர் சிறிதானால் இன்னும் குறையும். சக்திக்காகச் சுருக்கிய இடம்தான் இது.

550 மில்லிமீட்டர் ஆழ நீரில் போகலாம் என்று ஈகோஸ்போர்ட்டை விளம்பரம் செய்தார்கள். அது அசையாத நீரில், ஊர்ந்து போகும் வேகத்தில். முன்னால் ஒரு பஸ் அலையைக் கிளப்பிக்கொண்டு போனால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. காற்று உறிஞ்சும் வாய் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மூழ்கிய வண்டியை நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. அசையாமல் நின்று மூழ்கிய எஞ்சினில் பெரும்பாலும் ராட் வளைந்திருக்காது. சாவியைத் திருப்பும்போதுதான் கேடு நடக்கிறது. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் உள்ளேயும் தண்ணீர் போயிருக்கிறது. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையாலேயே சுற்ற வேண்டும். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியே பீறிட்டு வெளியேறும். எண்ணெய் வெளிறிப் பால் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தால் அதையும் எண்ணெய் ஃபில்டரையும் மாற்றிய பிறகே மற்றது.

ஓடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடித்து நின்ற வண்டியின் கதை வேறு. சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் பலர் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் மாற்றி, வண்டி ஓடுகிறது என்று கண்டு விற்றுவிட்டார்கள். ராட் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் வளைந்த ராட் கொஞ்சம் குட்டையாகிவிடும், அந்த சிலிண்டரில் பிஸ்டன் பழைய உயரத்துக்கு வராது, அமுக்கம் குறையும். வளைவில் உலோகம் களைத்துக்கொண்டே வந்து, பல மாதம் கழித்து, நெடுஞ்சாலையில் ஒருநாள் முறியும்.

ஆகவே இந்த மாவட்டத்தில் அந்த மழைக்கு முந்தைய பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை இப்போது பழையதாக வாங்குபவர், பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் கேஜ் வைத்து அளக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேர வேலை. விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.